பலகையில் இருப்பது வழி, பட்டம் இல்லை

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கிராமச் சாலைகளுக்கு, அங்கே தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்த குடும்பங்களின் பெயர் இருப்பதைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை ஊரே சேர்ந்து கொடுத்த மரியாதை என்று நீட்டி முழக்கியதுதான் எனக்கு ஒட்டவில்லை.

பெரும்பாலும் அவை யாரும் தீர்மானம் போட்டு வைத்த பெயர்கள் இல்லை. சாலை அந்தப் பண்ணைக்குப் போனது, அதனால் அந்தப் பெயர், அவ்வளவுதான். 1785ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி அளந்த பகுதிகளில் 6 மைலுக்கு 6 மைல் சதுரம் போட்டு, அதற்குள் 640 ஏக்கர் வீதம் 36 துண்டாகப் பிரித்தார்கள். பல இடங்களில் அந்த எல்லைக்கோட்டின் மேலேயே சாலையும் வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி நேர்கோடு. அங்கே வழி கேட்பவருக்கு இன்னாருடைய பண்ணை என்பதை விட்டால் வேறு என்ன அடையாளம் சொல்வது?

தபாலுக்குக்கூட அந்தப் பெயர் தேவைப்படவில்லை. 1896ல் கிராமங்களுக்குத் தபாலைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கிய பிறகு தபால்காரர் போகும் தடத்தின் எண், தபால் பெட்டியின் எண் என்றே முகவரி எழுதினார்கள். தினமும் அதே வழியில் போகிறவருக்கு அது போதும். ராத்திரி 2 மணிக்கு நெஞ்சுவலி என்று யாரோ கூப்பிட, முதல்முறையாக அந்தப் பக்கம் வரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் பெட்டி எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? 911 அவசர எண் (முதல் அழைப்பு 1968ல்) கிராமங்களுக்கும் பரவிய பிறகுதான் பல மாவட்டங்களில் உட்கார்ந்து சாலைக்குப் பெயர், வீட்டுக்கு எண் என்று ஒழுங்கு செய்தார்கள். வாயில் புழங்கிய பெயர் அப்போதுதான் பலகை ஏறியது. ஒரே பெயரில் இரண்டு சாலை இருந்தால் குழப்பம் என்று ஒன்றை மாற்றவும் செய்தார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் பண்ணை இருந்தால் ஒருவர் பெயர் போயே போச்சு! இதில் கௌரவம் எங்கே வந்தது?

அந்த நிலத்தில் முன்பு வாழ்ந்த பழங்குடிகளைப் பற்றியும், அதே வயலில் கூலிக்கு உழைத்தவர்களைப் பற்றியும் பலகை எதுவும் சொல்வதில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். சரியான குறை, அதை ஒரு வரியில் தாண்டியிருக்க வேண்டாம். ஆனால் நிலத்தை விற்றுவிட்டுக் குடும்பம் போய்விட்டதால் பெயரையும் எடுத்துவிடலாம் என்ற உங்கள் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது அங்கே குடியிருப்பவர்கள் ஓட்டுநர் உரிமத்திலிருந்து வங்கிக் கணக்குவரை முகவரி மாற்றிக்கொண்டு அலைய வேண்டும்.

அடுத்த முறை சாலைக்குப் பெயர் தந்த குடும்பத்துப் பேரனிடம் மட்டும் கேட்காமல், அந்த மாவட்டத்தில் வீட்டு எண் போடுகிறவரிடமும் பேசிவிட்டு எழுதுங்கள்.

— ஒரு வாசகர்