செலோடேப்பை உள்ளே வை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நம் பழைய அமெரிக்க காமிக்ஸ் பெட்டி வந்து சேர்ந்ததாக எழுதியிருந்தாய், நிம்மதி. அட்டை கழன்ற மூன்று இதழ்களை செலோடேப் போட்டு ஒட்டிவிடட்டுமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். அந்த டேப்பை மேஜைக்குள் போட்டுவிட்டு மீதியைப் படி.

டேப்பின் பசை சில வருஷத்தில் மஞ்சளாகிப் பிசுபிசுத்துக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் பட்டை காய்ந்து தானே உதிர்ந்துவிடும், கறை மட்டும் நிற்கும். அந்தக் கறையை எடுக்கப் போனால் அச்சு மையும் கூடவே ஓடிவிடும். நிறம் போன இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் தீட்டுவதும், பிசிறான ஓரத்தைக் கத்தரித்துச் சமன் செய்வதும் இதைவிட மோசம். காமிக்ஸைத் தரம் பார்த்து 0.5 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துத் தரும் சிஜிசி மாதிரி நிறுவனங்கள் இருக்கின்றன. சாதாரண இதழுக்கு அங்கே நீல லேபிள். நிறம் தீட்டியது தெரிந்தால் ஊதா லேபிள். ஊதா என்றாலே வாங்குகிறவர்கள் பாதிப்பேர் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கிழிசல் கிழிசலாகவே இருக்கட்டும்.

இதழ்களைப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். கையைக் கழுவி நன்றாக ஈரம் போகத் துடைத்துக்கொள். துணிக் கையுறை போடாதே. அதைப் போட்டால் விரலுக்குக் காகிதத்தின் நுனி தெரியாது, நூல் மாட்டி ஓரம் கிழியும். உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தூக்கு, பாதிக்கு மேல் விரிக்காதே. முதலில் முதுகை, அதாவது தாள்கள் மடியும் ஓரத்தைப் பார். ஸ்டேப்ளர் பின் அடித்த இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கீறல் போன்ற மடிப்புகள் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், சில மடிப்பில் நிறம் அப்படியே இருக்கும், சிலவற்றில் மை உடைந்து வெள்ளைக் கோடு தெரியும். மை உடையாத மடிப்பை, தெரிந்தவர்கள் சூடும் ஈரப்பதமும் கொடுத்து அழுத்தி எடுத்துவிடுவார்கள். வெள்ளைக் கோடு விழுந்தால் விழுந்ததுதான். அந்த வேலையை இஸ்திரிப் பெட்டியை வைத்து நீ செய்து பார்க்காதே.

இதழின் நட்டநடுவில் மேலிருந்து கீழாக ஒரே மடிப்பு ஓடுகிறதா? யாரும் பாழாக்கியது இல்லை. அந்தக் காலத்தில் சந்தாதாரர்களுக்கு இதழை இரண்டாக மடித்துத் தபாலில் அனுப்பினார்கள்.

பிறகு பக்கங்களை எண்ணு. அறுபது, எழுபதுகளின் இதழ்களில் அட்டை நீங்கலாக 32 பக்கம் என்பதுதான் வழக்கம். நடுத்தாள் பின்னிலிருந்து கழன்று காணாமல் போயிருக்கலாம். விளம்பரக் கூப்பனை வெட்டியிருந்தால் அதன் பின்பக்கக் கதையிலும் ஓட்டை விழுந்திருக்கும். 1974-75இல் மார்வெல் என்ற பதிப்பகத்தின் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தில் வெட்டி ஒட்டச் சொல்லிச் சின்ன முத்திரைப் படங்கள் அச்சிட்டார்கள். வுல்வரின் என்ற நாயகன் முழுதாக வரும் முதல் இதழான இன்க்ரெடிபிள் ஹல்க் 181 (நவம்பர் 1974) அந்த வரிசையில் மாட்டிக்கொண்டது. அட்டை பளபளவென்று இருந்தும் அந்த ஒரு முத்திரைக் கட்டம் இல்லாததால் விலை பாதாளத்துக்குப் போன பிரதிகள் ஏராளம். நம்முடைய எழுபதுகளின் மார்வெல் ஒவ்வொன்றிலும் கடிதப் பக்கத்தைப் பார்த்து எழுதி வை.

ஹல்க் என்றதும் இன்னொன்று. 1962 மே மாத முதல் இதழில் அவன் பச்சை இல்லை, சாம்பல் நிறம். அன்றைய அச்சில் சாம்பல் ஒரே சீராக வரவில்லை, பக்கத்துக்குப் பக்கம் மாறியது. அதனால் இரண்டாவது இதழிலேயே பச்சையாக்கிவிட்டார்கள். அந்த முதல் இதழ் நம் பெட்டியில் இல்லை, தேடாதே.

எந்தக் காலத்து இதழ் என்பதை அளவே சொல்லிவிடும். நாற்பதுகளின் இதழ் ஏறக்குறைய 7¾க்கு 10½ அங்குலம். அறுபதுகளில் அகலம் 7⅛க்கு வந்தது. இப்போதையவை 6⅝க்கு 10¼. முதல் சூப்பர்மேன் கதை வந்த ஆக்ஷன் காமிக்ஸ் 1 என்று யாராவது காட்டினால் அளவுகோலை எடு. 1974இல் சூப்பர்மேனை வெளியிடும் டிசி நிறுவனமே அதைப் பெரிய அளவில், கிட்டத்தட்ட 10க்கு 13½ அங்குலத்தில், மறுபதிப்புப் போட்டது. அதன் வெளியட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பது அச்சு அசல் மாதிரியே தெரியும், விலை 10 சென்ட் என்பது உட்பட. அதை வைத்து எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறார்கள்.

அட்டையில் இருக்கும் மாதத்தையும் அப்படியே நம்பாதே. 1938 ஜூன் என்று போட்ட அந்த ஆக்ஷன் காமிக்ஸ் 1 ஏப்ரலிலேயே கடைக்கு வந்துவிட்டது. கடைக்காரர் எப்போது எடுத்துவிட வேண்டும் என்பதற்கான தேதி அது. பதிப்பு விவரம் முதல் பக்கத்தின் அடியிலோ அட்டையின் உட்பக்கத்திலோ பொடி எழுத்தில் இருக்கும். மறுபதிப்பு பெரும்பாலும் அங்கேதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

தொண்ணூறுகளின் கட்டு ஒன்று தடிமனாக இருக்கிறதே, அதற்காக ரொம்பச் சந்தோஷப்படாதே. 1991இல் வந்த எக்ஸ்-மென் 1 எண்பது லட்சம் பிரதிக்கு மேல் போனது. வாங்கியவர்கள் எல்லாரும் பின்னால் விலை ஏறும் என்று பிரிக்காமலே பத்திரப்படுத்தினார்கள். எல்லாரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அபூர்வமாகும்? நாற்பதுகளின் இதழ்கள் அரிதானதற்குக் காரணம், பிள்ளைகள் படித்துக் கிழித்ததும், போர்க்காலத்தில் பழைய காகிதத்தோடு அள்ளிக் கொடுத்ததும்தான். தொண்ணூறுகளின் கட்டை எடுத்து ஆசை தீரப் படி.

இனி உறை. பழைய உறைகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், மாற்றும்போதுதான் ஆபத்தே. உறையின் மூடியில் ஒட்டும் பட்டை இருக்கும். இதழை வெளியே இழுக்கும்போது அட்டை அந்தப் பட்டையில் உரசினால் போதும், மை ஒரு கீற்று உரிந்து வந்துவிடும். அதனால் இதழை எடுக்கும் முன்பே பட்டையை முழுக்க உரித்து எறி. முடியாவிட்டால் உறையின் பக்கவாட்டை வெட்டி இதழை எடு. உறை போனால் போகட்டும்.

நல்ல இதழ்களுக்கு மைலார் என்ற பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறை வாங்கு, 50 மைக்ரானாவது இருக்கட்டும். மற்றவற்றுக்கு பாலிபுரொப்பிலீன் போதும், ஆனால் ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பிவிசி உறை பக்கமே போகாதே, அது எண்ணெய் விட்டு மையை இழுத்துக்கொள்ளும். உறைக்குள் இதழின் பின்னால் வைக்கும் தாங்கு அட்டை அமிலமில்லாததாக இருக்க வேண்டும். பழைய இதழை இன்றைய அளவு உறைக்குள் திணித்தால் நான்கு மூலையும் மடங்கும்.

பெட்டியில் நிமிர்த்தி வை. அடுக்கிக் குவித்தால் முதுகு உருளும், பாதிப் பெட்டியில் சாய்ந்து நின்றால் இதழே வளைந்துவிடும். மிச்ச இடத்தில் அட்டைத் துண்டு வைத்து நிரப்பு. தரையில் வைக்காதே, மொட்டைமாடி அறையும் வேண்டாம். ஈரப்பதம் நாற்பது ஐம்பது சதவீதத்துக்குள் ஏறி இறங்காமல் இருந்தால் பின் துருப்பிடிக்காது, ராமபாணப் பூச்சியும் வராது. பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போட்டுவிடாதே, அந்த வாடை காகிதத்தைவிட்டு லேசில் போகாது. சுவரில் மாட்ட ஆசையாக இருந்தால் அட்டையை ஸ்கேன் செய்து அச்சிட்டு மாட்டு. வெயிலில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளிறி, நீலம் மட்டும் பாக்கி நிற்கும்.

அடியில் இருக்கும் பொம்மைகளில் பேட்டரி உள்ளதை இன்றைக்கே திறந்து பார். கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவை. பிசுபிசுக்கும் பொம்மைக்குச் சோப்புத் தண்ணீர் போதும். பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்த்தது வெளியே வருவதால் அந்தப் பிசுபிசுப்பு, அசிட்டோன் பட்டால் முகமே கரைந்துவிடும். எண்பதுகளின் ஜி.ஐ. ஜோ சிப்பாய் பொம்மை இடுப்பில் ஆடினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் போய்விட்டது என்று அர்த்தம். முதுகுத் திருகைக் கழற்றிப் புது வளையம் போடலாம். இந்த ஒரு ரிப்பேருக்கு மட்டும் உனக்கு அனுமதி.

பெட்டியைத் திறந்ததும் ஒரு இனிப்பு வாசனை அடித்தது என்று எழுதியிருந்தாய். செய்தித்தாள் காகிதத்தில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் சிதைகிற வாசனை அது. பக்கம் மஞ்சளாவதும், கடைசியில் அப்பளமாய் நொறுங்குவதும் அதனால்தான். நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். அட்டை கழன்ற அந்த மூன்றையும் முதலில் எடு. அட்டையும் உள்தாள்களும் பிரியாமல் ஒரே மைலாருக்குள் போகட்டும், பின்னைத் தொடாதே. இதழ் எண்களை எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா