மைக்கை மட்டும் எடுத்துவிடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே குறுவை அறுத்தாயிற்று, சம்பா நடவு ஓடிக்கொண்டிருக்கிறது. என் முழங்கால் வலி பழையபடிதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தையில் மகள் கல்யாணத்துக்கு நாயனம், அதான் நாகஸ்வரம், வேண்டாம், செண்டை மேளம் வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு என்கிறாய். "உனக்குத்தான் நாயனமே ஆகாதே" என்றும் எழுதியிருக்கிறாய். ஆகாதுதான், அப்போது. பந்தியில் ரசம் கேட்டால் சாம்பார் வந்து விழும், அவ்வளவு இரைச்சல். கோயில் தெருவில் குடியிருந்தும், மேளம் கிளம்பினால் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைத் திருகியவன் நான்.

ஆடுதுறையில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு ராத்திரி சாமி புறப்பாடு. நான் மொட்டை மாடியில், மேளம் இரண்டு தெரு தள்ளி. புறப்பாட்டுக்கென்றே வாசிக்கிற மல்லாரி முடிந்து தோடி ராகத்தை எடுத்தார்கள். மைக் கிடையாது. ஒவ்வொரு குழைவும் தனித்தனியாக வந்து சேர்ந்தது. வீதிக்கென்றே செய்த வாத்தியம் அது. நாம் கேட்டதெல்லாம் மண்டபத்துக்குள்ளே, அதுவும் ஸ்பீக்கருக்கு அடியில். பிறகு எப்படிப் பிடிக்கும்?

அப்புறம் பக்கத்து ஊர்தானே என்று நரசிங்கம்பேட்டைக்கும் போனேன். நாயனம் செய்கிற ஊர் அது. நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும் என்பதால், பழைய வீடுகளில் கழற்றிய ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிக் கடைகிறார்கள். முன்பு புழங்கியது திமிரி என்கிற நாயனம். குட்டை, சுருதி அதிகம், சுத்த மத்தியமம் என்கிற 'ம' ஸ்வரம் சரியாகப் பேசாது. நாயன மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக இவ்வூர் ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாயனத்தைச் செய்து அந்தக் குறையைத் தீர்த்தார். 2022இல் இவ்வூர் நாயனத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பிள்ளை 1956லேயே போய்விட்டார். அவருடைய தோடி யூடியூபில் இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேள். ஆரம்பத்திலேயே அணைத்துவிடாதே.

செண்டையை நான் குறை சொல்லவில்லை. திருச்சூர் பக்கம் கோயில் வாசலில் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். ஆனால் உன் வீட்டுக் கல்யாணத்துக்கு நாயனமும் தவிலும் போதும். மைக் வேண்டாம். மேடையோடு ஒட்டாமல் வாசல் பந்தலில் உட்கார வை. மாப்பிள்ளை அழைப்பன்று கூட்டம் சாப்பிடப் போனதும், நிதானமாக ஒரு ராகம் வாசிக்கச் சொல். சினிமாப் பாட்டு கேட்டு யாராவது சீட்டு அனுப்பினால் வாங்கி உன் பையில் போட்டுக்கொள். பேரம் பேசாதே. தை முகூர்த்தத்துக்கு நல்ல செட் சீக்கிரம் போய்விடும், முன்பணம் கொடுத்து வைக்க வேண்டும். இங்கேயே நான் பேசி முடிக்கிறேன், தேதியை மட்டும் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்