ரவிக்கு: லேண்ட் ரோவர் வந்துவிட்டது

அன்புள்ள ரவி,

பெர்த்தில் குளிர் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். இங்கே சிங்கப்பூரில் வெயிலும் மழையும் வழக்கம்போல முறை வைத்துக்கொண்டு வருகின்றன. மகளுக்கு வேலை உறுதியாகிவிட்டது. அம்மாவின் முழங்கால் வலிதான் குறையவில்லை. மற்றபடி எல்லாரும் நலம்.

இனி நீ கேட்கக் காத்திருக்கும் விஷயம். வாங்கிவிட்டேன். 1978-ஆம் ஆண்டு லேண்ட் ரோவர், சீரீஸ் மூன்று, 88 அங்குலம், பெட்ரோல். தேசிய சேவையில், ராணுவத்தில் நாம் மாறி மாறி ஓட்டி, மாறி மாறி வசை வாங்கினோமே, அந்த வண்டிக்கு நெருங்கிய உறவு. விலையைக் கேட்காதே. கமலாவிடம் சொல்லியிருக்கும் தொகையை நீயும் நம்பிவிடுவது எல்லாருக்கும் நல்லது.

இந்த ஊரில் பழைய வண்டியைவிட அதன் தாள்கள்தான் கனம். பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் சேர வண்டிக்கு 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். சேர்ந்தபின் ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம். காலையில் கிளம்பினால் மாலைவரை ஒரே சாலையில் போகிறவன் நீ, சிரிப்பாய். ஆனால் தீவே கிழக்கிலிருந்து மேற்குவரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தானே? 45 நாள் தாராளம் என்பது என் கட்சி. மீதி நாள்களில் வண்டிக்கு அடியில் படுத்திருக்கலாம். உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் வாங்கினேன்.

பார்க்கப் போனபோது ஒரு சின்னச் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போனேன். விற்றவர் முகம் சுளித்தார். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால்தான் 1948-இல் முதல் வண்டிக்கே அலுமினிய உடல் போட்டார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. விளைவு என்னவென்றால், மேலே பார்த்தால் துருவே தெரியாது. அடியில் வண்டியைத் தாங்கும் சட்டம் முழுக்க இரும்பு, அது உளுத்துப்போயிருக்கலாம். முன்னாலிருந்து பின்னால்வரை தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு ‘ணங்’ என்றது. பின் குறுக்குச் சட்டத்தை யாரோ புண்ணியவான் முன்பே மாற்றியிருக்கிறார். வில் பட்டைகள் தொங்கும் இடங்களும் உறுதி. ஓட்டுநர் கால் வைக்கும் தகட்டின் மூலையில் மட்டும் ‘பொத்’ என்று சத்தம் வந்தது. பாய் போட்டு மறைத்திருந்தார்கள். பாயைத் தூக்கினேன், ஓட்டை வழியே தரை தெரிந்தது. அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தேன்.

வீட்டுக்கு ஓட்டி வந்த அன்றே அது குணத்தைக் காட்டியது. அரைமணி நேரம் நன்றாக ஓடும். சூடேறியதும் இருமத் தொடங்கி, விரைவுச்சாலை ஓரத்தில் நின்றுவிடும். ஆறவிட்டால் எதுவும் நடக்காததுபோல் கிளம்பும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். பெட்ரோல் குழாயில் ஆவி கட்டுகிறது, துணி உலர்த்தும் மரக் கிளிப்புகளை வரிசையாக மாட்டு என்றார் இன்னொருவர். நீயும் போன கடிதத்தில் பழைய ஜெனித் கார்புரேட்டரைக் கழற்றி எறி, வெபர் போடு, தீப்பொறிக்கு மின்னணு இக்னிஷன் போடு என்று எழுதியிருந்தாய். கோபித்துக்கொள்ளாதே, மூன்றுமே மருத்துவர் நாடி பார்க்குமுன் எழுதிய மருந்துகள்.

காக்கி புக்கிட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு சீனப் பெரியவர் இருக்கிறார். இந்த எஞ்சின்களோடு வளர்ந்தவர். கார்புரேட்டர் பக்கமே அவர் போகவில்லை. “அது கடைசி” என்றார், மலாய் மொழியில். முதலில் டேப்பெட், அதாவது வால்வுகளுக்கு விடும் இடைவெளி. முன்னால் கைப்பிடியைச் செருகி நான் எஞ்சினை மெல்லச் சுற்ற வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜோடு அவர் மேலே குனிந்திருந்தார். எட்டு வால்வுகளுக்கும் ஒன்பது கணக்கு: எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்ய வேண்டும்; ஆறாவது திறந்தால் மூன்றாவது; கூட்டினால் எப்போதும் ஒன்பது. “லாகி, லாகி” (இன்னும், இன்னும்) என்று அவர் சொல்லச் சொல்ல நான் சுற்றினேன். இடைவெளி 0.010 அங்குலம் இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு இரண்டில் தகடு நுழையவே மறுத்தது. ஈயம் கலந்த பெட்ரோல் 1998-இல் இங்கே நின்றதே, அதன் மிச்சக் கணக்கு இது. வால்வு உட்காரும் இடத்தை ஈயம் காத்துக்கொண்டிருந்தது. அது இல்லாமல் இடம் தேயத் தேய வால்வு மேலேறும், இடைவெளி சுருங்கும். அப்படியே விட்டால் சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் கருகிவிடும்.

அடுத்து, தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டின் ஒரு முகத்தில் குழி, மறு முகத்தில் மேடு, சுற்றிலும் நீலம் பாய்ந்திருந்தது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாயிண்டைக் காக்கும் கண்டன்சரைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். சூடேறினால் அது உள்ளுக்குள் செத்துப்போகும், தீப்பொறி பலவீனமாகும். ஆறினால் உயிர் வரும். புதிய கண்டன்சரும் பாயிண்டும் மாட்டி, இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்து, தீப்பொறி விழும் நேரமான டைமிங்கை விளக்கு பிடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கார்புரேட்டருக்கு வந்தார். அதுவும் ஒரே ஒரு திருகு. எஞ்சின் எந்த இடத்தில் வேகமாகவும் சீராகவும் சுழல்கிறதோ அந்த இடத்தில் நிறுத்தி, பிறகு வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகமான ஐடிலைக் குறைத்தார். எல்லாரும் பழி போட்ட ஜெனித் நிரபராதி.

மறுநாள் மவுண்ட் ஃபேபர் ஏற்றத்தில் டாப் கியரில் அழுத்தி மிதித்தேன். லேசாக ‘டிங் டிங்’ என்றது. டைமிங்கை ஒரு மயிரிழை பின்னுக்குத் தள்ளியதும் அடங்கியது. இப்போது பிளக்கைக் கழற்றினால் பால் கலந்த காப்பி நிறம். அந்த நிறத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று கமலாவிடம் சொல்ல முடியவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

மின்னணு இக்னிஷன் மோசம் என்று நான் சொல்லவில்லை. பாலைவனத்தின் நடுவே நிற்கிற உனக்கு அது தேவை. ஆனால் உள்ளதை வரிசையாகச் சரிசெய்யுமுன் புதியதை மாட்டினால், பழைய நோய் அப்படியே இருக்கும். மேலே புது நோயும் வந்து சேரும். பவர் ஸ்டீயரிங்கும் ஏசியும் போடச் சொல்கிறவர்களுக்கு நான் பதிலே சொல்வதில்லை.

நான்கு சக்கர இயக்கத்துக்குத்தான் இங்கே பிழைப்பில்லை. மஞ்சள் குமிழை அழுத்தினால் முன்சக்கரமும் இழுக்கும். ஆனால் முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. காய்ந்த தாரில் வளைத்தால் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கும். சேறு தேடிப் போக இந்த ஊரில் எங்கே இடம்? அதனால் மாதம் ஒருமுறை முன்சக்கரங்களை அச்சோடு இணைக்கும் ஹப்புகளை மட்டும் பூட்டி, இரண்டு சக்கர இயக்கத்திலேயே நியோ தியூ சாலைப் பக்கம் போய்வருகிறேன். உள்ளே எண்ணெய் சுற்றினால் போதும்.

எனக்கு ஆசையெல்லாம் மலேசியாவின் கேமரன் மலைமேல். அங்கே தோட்டக்காரர்கள் இதே வண்டிகளில் இன்னும் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு திரிகிறார்கள். உதிரிப் பாகங்களுக்கும் அவர்களை விட்டால் ஆள் இல்லை. இந்த வண்டியை எல்லை தாண்டி ஓட்டிப்போக என்னென்ன தாள் வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அது நடக்காவிட்டால் பஸ்ஸில் போய் மலையடிவாரத்துத் தாப்பாவில் இறங்கி, மேலே யாராவது ஒருவரின் வண்டியில் தொற்றிக்கொள்வோம். டிசம்பரில் நீ வருகிற தேதியை முதலில் எழுது.

வரும்போது முன் அச்சின் இரு முனையிலும் இருக்கும் குரோம் உருண்டைகளுக்கான ஆயில் சீல் ஒரு ஜோடி வாங்கி வா. இடது பக்கம் தரையில் எண்ணெய் சொட்டுகிறது. உங்கள் ஊரில் பழைய இருப்பு கிடைத்தால் அதுவே நல்லது. இங்கே கிடைக்கிற மலிவு ரப்பர் எனக்குப் பிடிக்கவில்லை. ரசீதின் படத்தை அனுப்பு, பணத்தை உடனே போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
செல்வம்