கூரியர் கவுன்டரில் பொருளின் மதிப்பைக் கேட்டு எழுத வையுங்கள்: கொடைக்கானல் மேல்மலையிலிருந்து ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
வீட்டிலிருந்தே பார்சல் போட்டு விற்கும் சிறு விற்பனையாளர்கள்,
மேல்மலைக் கிராமங்கள், கொடைக்கானல் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திண்டுக்கல்.

பொருள்: கூரியரில் அனுப்பும் பொருள்கள் வழியில் தொலைந்தாலோ, உடைந்தாலோ, திருடுபோனாலோ இழப்பீடும் காப்பீடும் கிடைக்க நடவடிக்கை எடுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கொடைக்கானலில் பார்சல் வாங்கும் ஒவ்வொரு கூரியர் கவுன்டரிலும் பொருளின் மதிப்பைக் கேட்டு ரசீதில் எழுத வேண்டும், கூடுதல் பாதுகாப்புக்கு எவ்வளவு கட்டணம் என்று தமிழில் எழுதிய பலகை மாட்டியிருக்க வேண்டும், காப்பீடு என்று சொல்லிப் பணம் வாங்கினால் அது எந்த நிறுவனத்தின் எந்தப் பாலிசி என்று தாளில் தர வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. இருக்கிற சட்டத்தை மலை மேலும் நடைமுறைப்படுத்தினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் விளைகிற மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு சென்னை, பெங்களூரு என்று வெளியூர் ஆட்கள் நேரடியாகவே கேட்கிறார்கள். கமிஷன் மண்டியில் போட்டால் கிடைப்பதைவிட நல்ல விலை. பூண்டோடு தைலம், தேன், வீட்டில் செய்த சாக்லேட், கீழ்மலையில் தாண்டிக்குடி பக்கத்துக் காபித்தூள் என்று வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி அனுப்புகிற பெண்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே வழிதான், இங்கே கவுன்டரில் கொடுத்தால் வேன் வத்தலக்குண்டு மலைச்சாலையில் இறங்கும், அப்புறம் ஏதோ ஒரு குடோனில் பிரித்து, இன்னொரு வண்டியில் ஏற்றி, மறுபடி இறக்கி, இப்படிப் பல கை மாறித்தான் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ச் சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்தோ பாறை உருண்டோ பாதை அடைபட்டால் வண்டி நிற்கிற இடத்திலேயே நிற்கும். தார்ப்பாய் சரியில்லாத வண்டி என்றால் அட்டைப்பெட்டி ஊறிப்போகும்.

போன மழைக்காலத்தில், எங்கள் சார்பில் இதை எழுதும் என் வீட்டிலிருந்து சென்னைக்குப் போன ஒரு பூண்டுப் பெட்டி பாதி எடையோடு போய்ச் சேர்ந்தது. நாங்கள் ஒட்டிய டேப்பைக் கிழித்துவிட்டு வேறு நிறத்தில் புது டேப் ஒட்டியிருந்தது. வாங்கியவர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கையெழுத்து வாங்கிக்கொண்டு டெலிவரி பையன் போய்விட்டார். பூண்டின் மதிப்பு 4,500 ரூபாய், நான் கட்டிய கட்டணம் 380 ரூபாய். கேட்டதற்கு, இது ஓனர் ரிஸ்க்கில் (இழப்பு அனுப்புகிறவரையே சேரும் முறையில்) புக் ஆனது, ரசீதுக்குப் பின்னால் பாருங்கள், அதிகபட்சம் 100 ரூபாய்தான் தர முடியும் என்றார்கள். ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அது இருக்கத்தான் செய்கிறது. புக் செய்யும்போது மதிப்பு என்ன என்று யாரும் கேட்கவில்லை, ரசீதில் அந்தக் கட்டமும் காலி. வாடிக்கையாளருக்கு மறுபடி பூண்டு அனுப்பினேன், இல்லாவிட்டால் அவர் இனி வாங்க மாட்டார். இதே கதை இங்கே பல வீடுகளில் இருக்கிறது. ஒருவருக்குத் தைலக் குப்பி உடைந்து கூடவே வைத்த சாக்லேட்டும் வீணானது, இன்னொருவருக்குத் தேன் பெட்டி எங்கே போனது என்றே தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்துப் படித்தோம். 2007-ஆம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம், வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்கும் கூரியர் நிறுவனங்களையும் பொதுச் சரக்குப் போக்குவரத்தாளர் என்றே சேர்த்திருக்கிறது. பதிவுச் சான்று இல்லாமல் அந்தத் தொழில் செய்யக் கூடாது. அனுப்புகிறவர் கூடுதல் கட்டணம் எதுவும் கட்டாவிட்டாலும்கூட, பொருள் தொலைந்தால் கட்டணத்தைப் போல பத்து மடங்கு வரை நிறுவனம் பொறுப்பு, அறிவித்த மதிப்பைத் தாண்டாமல், என்று 2011-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அப்படியென்றால் மதிப்பை எழுதியிருந்தால் என் பெட்டிக்கு வரம்பு 3,800 ரூபாய், காணாமல்போன பாதிப் பூண்டின் விலையை முழுதாகவே கேட்க இடமிருந்தது, 100 ரூபாய் என்பது எந்தக் கணக்கு? வழக்குப் போட்டால் நிறுவனத்தின் அலட்சியத்தை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், இதை இங்கே யாருமே அறிந்திருக்கவில்லை. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தால் அந்த உரிமையும் போய்விடும்.

பத்து மடங்குக்கு மேல் பொறுப்பு வேண்டுமென்றால் அனுப்புகிறவர் கூடுதல் கட்டணம் கட்டலாம். அப்படிக் கட்டணம் வாங்கும் நிறுவனம் அந்த விகிதத்தை ஆங்கிலத்திலும் மாநில மொழியிலும் தன் இடத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும் என்று சட்டத்தின் 11-ஆம் பிரிவே சொல்கிறது. எங்கள் கண்ணில் இதுவரை அப்படி ஒரு தமிழ்ப் பலகை பட்டதில்லை.

இன்னொரு குழப்பம். சில இடங்களில் இன்சூரன்ஸ் என்று சொல்லி 50, 100 வாங்குகிறார்கள். அது நிறுவனமே ஏற்கும் கேரியர் ரிஸ்க்கா, உண்மையான காப்பீடா என்று கேட்டால் பதில் இல்லை. இரண்டும் வேறு. காப்பீட்டை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்ற நிறுவனம்தான் தர முடியும், அதற்குப் பாலிசி எண் இருக்கும், நியாயம் கிடைக்காவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கேரியர் ரிஸ்க் என்றால் வழி வேறு, நுகர்வோர் ஆணையம்தான். எது என்று தெரியாமல் பணம் கட்டுகிறவர் இழப்பு வந்த பிறகு எந்தக் கதவைத் தட்டுவது?

அஞ்சலகத்தில் இன்ஷூர் செய்து அனுப்பலாமே என்று கேட்பீர்கள். செய்கிறோம், சிறிய பொட்டலங்களுக்கு அது நல்ல வசதி. மூட்டையாகப் போகும் பூண்டுக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது.

தனியாகக் காப்பீடு எடுக்கலாம் என்றால், நாலாயிரம் ஐயாயிரம் மதிப்புள்ள ஒரு பெட்டிக்கு, நாங்கள் பார்த்தவரை, எந்த நிறுவனமும் பாலிசி போட முன்வருவதில்லை. வியாபாரிகள் எடுக்கும் ஓபன் பாலிசி என்று ஒன்று உண்டு. ஒரே பாலிசியில் அனுப்புகிற ஒவ்வொரு சரக்கையும் அவ்வப்போது அறிவித்துக்கொண்டே போகலாம். மகளிர் திட்டத்தின் மூலம் சுய உதவிக் குழுக்களின் பார்சல்கள் அனைத்துக்கும் சேர்த்து, பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றோடு பேசி இப்படி ஒரு பாலிசி எடுத்துத் தந்தால், தொகையைக் குழுக்கள் பங்கு போட்டுக் கட்டத் தயார். பேசும்போது இதையும் கவனியுங்கள்: இந்தப் பாலிசிகளில் தாமதத்தால் வரும் இழப்பும், பொருளின் இயல்பிலேயே வரும் கெடுதலும், சரியாகப் பேக்கிங் செய்யாததும் பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். பாதை அடைபட்டு நாலு நாள் நின்ற வண்டியில் பூண்டு முளைவிட்டால் கிளெய்ம் இல்லை, மழையில் நனைந்து அழுகினால் பாலிசியைப் பொறுத்து உண்டு. எந்த வகைப் பாலிசி என்பதில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது, ஆகவே மழைநீர் சேதமும் திருட்டும் கட்டாயம் உள்ளே வர வேண்டும். கொடைக்கானலில் பிளாஸ்டிக்குக் கட்டுப்பாடு இருப்பதால் தாளும் அட்டையும் வைத்துத்தான் கட்டுகிறோம். அதைக் காட்டி சரியான பேக்கிங் இல்லை என்று தள்ளாதபடி, எந்த முறை ஏற்கப்படும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கித் தாருங்கள்.

எடை பற்றியும் சொல்ல வேண்டும். திருட்டை நிரூபிக்க எங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி புக் செய்த எடைதான். சில கவுன்டரில் தராசில் வைக்காமல் கண்ணளவிலேயே எழுதுகிறார்கள். தொழிலாளர் துறை முத்திரை ஆய்வாளர் மூலம் தராசுகளைச் சோதித்து, எடை ரசீதில் ஏறுவதைக் கட்டாயமாக்க வேண்டும். டெலிவரியின்போது பெட்டி கிழிந்திருந்தாலோ எடை குறைந்திருந்தாலோ அதே இடத்தில் சேதச் சான்று எழுதித் தரச் சொல்ல வேண்டும், காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலரையும், நுகர்வோர் பாதுகாப்புப் பணியையும் பார்க்கும் மாவட்ட வழங்கல் அலுவலரையும் சேர்த்து கொடைக்கானல், பெருமாள்மலை, பண்ணைக்காடு, வத்தலக்குண்டு கவுன்டர்களில் ஒருமுறை நேரில் ஆய்வு செய்ய உத்தரவிடுங்கள். பதிவுச் சான்று, தமிழ்ப் பலகை, ரசீதில் மதிப்புக் கட்டம், இந்த மூன்றையும் பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்பதையும், உதவி எண் 1915 என்பதையும் அந்தப் பலகையிலேயே எழுத வையுங்கள். புகார் சொல்ல ஒவ்வொரு முறையும் மலையிறங்கி திண்டுக்கல் வருவது பூம்பாறைக்காரருக்கு ஒரு நாள் கூலி இழப்பு, பஸ் செலவு வேறு. கொடைக்கானலில் மாதம் ஒருநாள் கூரியர் புகார்களை மட்டும் கேட்க ஏற்பாடு செய்தால் உதவியாக இருக்கும்.

அடுத்த பூண்டு அறுவடைக்கு முன்பாக இந்த ஆய்வை முடித்து, எடுத்த நடவடிக்கையை எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேல்மலைச் சிறு விற்பனையாளர்கள்

இணைப்பு: கூரியர் ரசீதுகளின் நகல், சேதமான பெட்டிகளின் படங்கள், கையெழுத்துப் பட்டியல்.