உன் தோட்டத்துக் கிணற்று மேடு

மேட்டுப்பாளையம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சண்முகம்,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. தப்புத்தான். அம்மா நலம். வெள்ளிக்கிழமை விடுப்பு முடிகிறது. கோபிசெட்டிபாளையத்துக்கு என்னால் வர முடியாது, வாத்தியாரிடம் நீயே சொல்லிவிடு.

ஒரு கவலை தூங்கவிடவில்லை. இமயமலையில் நான் வேலை பார்க்கும் ரயில் பாதையில், சுரங்கத்தில் வெட்டிய பாறையைக் கொட்டும் இடங்களுக்கு ஆபத்து மதிப்பீடு செய்வது என் பொறுப்பு. நம் ஊட்டி ரயிலுக்கு 46 கிலோமீட்டரில் 16 சின்னச் சுரங்கங்கள். ரிஷிகேஷ்–கர்ணபிரயாகை பாதையிலோ 125 கிலோமீட்டரில் சுமார் 105 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள்தான். அந்தக் கல்லெல்லாம் எங்கே போகும்? கிணறு வெட்டியபோது, குழியைவிட மேடு பெரிதாக இருக்கிறதே என்று உன் அப்பா வியந்தாரே, அதே கதைதான். உடைத்த பாறை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் கேட்கும். மலையில் சமதளம் ஏது? பள்ளத்தின் ஓரமாகத்தான் கொட்டுகிறார்கள்.

சரிவு, உயரம், தடுப்புச் சுவர், மேலிருந்து வரும் தண்ணீர், கீழே உள்ள வீடுகள் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறோம். ஒரு மேட்டுக்குச் சுவர் நன்றாக இருக்கிறது, சரிவும் குறைவு. ஆனால் அது நிற்பது மழைத் தண்ணீர் ஓடிவரும் ஒரு பள்ளத்தின் வாய்ப்பகுதியில். மழையில்லாத நாளில் அங்கே பள்ளம் இருப்பதே தெரியாது. கூட்டினால் ‘நடுத்தர ஆபத்து’ வருகிறது. நான் ‘அதிகம்’ என்று எழுதினேன்; திருத்தித் தரச் சொல்கிறார்கள். தமிழில் 92 வாங்கியும் கணக்கில் 31 என்று பத்தாம் வகுப்பில் உன்னை ஃபெயிலாக்கினார்களே, கூட்டிப் பார்த்தா பாஸ் போட்டார்கள்? தண்ணீர் ஊறிவிட்டால் கல்லுக்கும் மண்ணுக்கும் பிடிப்புத் தளரும். அடியை வெள்ளம் அரித்தால் மேடே இறங்கிவிடும். கீழே பதினொரு வீடுகள், சண்முகம். கடைசி வீட்டுப் பாட்டி என்னைப் பார்த்தால் டீ கொடுக்காமல் விடமாட்டார்.

2022 ஜூன் 30 அன்று மணிப்பூரின் துபுலில் ரயில் பணியிடத்தின்மேல் மலை சரிந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். இஜெய் ஆறும் அடைபட்டது. அது கொட்டிய மண் அல்ல, மலைதான். ஆனாலும் மழைக்காலம் வரும்போதெல்லாம் எனக்கு அந்த ஆறுதான் நினைவுக்கு வருகிறது.

நான் திருத்தப்போவதில்லை. ஒன்று மட்டும் செய். உங்கள் கிணற்று மேடு ஓர் ஐப்பசியில் வாய்க்காலுக்குள் இறங்கியதே, அது எத்தனை நாள் மழைக்குப் பிறகு? அப்பாவிடம் கேட்டு வெள்ளிக்குள் எழுது.

அன்புடன்,
குமரேசன்