பானைக்குள் போன விரல்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. மருமகள் வளைகாப்புக்கு வர முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. பேரனுக்கு வயிற்றுப்போக்கு, மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசம். இப்போது தேவலை, இட்லி கேட்டு அழுகிறான்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவது எட்டு நாளைக்கு ஒரு தடவை. பிடித்து வைத்ததைத்தான் குடிக்கிறோம். ஆனால் ஒரு நாளும் காய்ச்சாமல் கொடுத்ததில்லை. இதை டாக்டரம்மாவிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "சரி, காய்ச்சின தண்ணிய எப்படி மோந்து குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். அரைமணி நேரத்தில் ஐந்து பேர் பானைக்கு வந்தார்கள். ஐந்து பேரும் தம்ளரை விரல் நனைய முக்கித்தான் எடுத்தார்கள். இவர் குடித்த மிச்சத்தைப் பானையிலேயே திரும்ப ஊற்றினார்! நாற்பது வருஷமாக இது என் கண்ணில் படவே இல்லை, பாரேன்.

தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தாலே கிருமி செத்துவிடுமாம். நான்தான் கால்மணி நேரம் கேஸை எரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஆறின பிறகு அந்தத் தண்ணீருக்குக் காவல் கிடையாது. குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் குளோரின் தங்கியிருந்தால் புதிதாக விழுகிற கிருமியை அது பார்த்துக்கொள்ளும். காய்ச்சினால் அதுவும் போய்விடும். அப்புறம் ஒரு விரல் போதும்.

அடியில் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் வாங்கிவிட்டேன். மண்பானை ருசி இல்லை என்று இவர் முனகல். குழாய் வைத்த மண்பானையும் விற்கிறார்கள், கோடைக்கு ஒன்று வாங்கிக் கொடுத்து வாயை அடைக்க வேண்டும். வெளியே இருக்கிற டிரம்முக்கு வேட்டித்துணி கட்டியாயிற்று. எட்டு நாள் என்பது கொசுப்புழு கொசுவாகப் பறக்கப் போதுமான நாள். முட்டை டிரம்மின் உள்சுவரில்தான் ஒட்டியிருக்கும் என்பதால் கொட்டிக் கவிழ்ப்பதோடு விடாமல் தேய்க்கவும் செய்கிறேன்.

உன் அம்மா செம்புத் தவலையில் தண்ணீர் வைப்பார்களே, அது வெறும் நம்பிக்கை இல்லையாம். 2012இல் வெளிவந்த பெங்களூர் ஆய்வு ஒன்றில், செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் நாம் ராத்திரி ஊற்றிக் காலையில் குடித்தால் எட்டு மணி நேரம்தானே ஆகிறது! அதனால் நான் காய்ச்சுவதை விடப்போவதில்லை.

அந்தத் தவலை இன்னும் உன் பரணில்தானே கிடக்கிறது? எடைக்குப் போட்டுவிடாதே. குழந்தை பார்க்க வரும்போது நானே புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டு போகிறேன்.

அன்புடன்,
மங்கை