தண்ணீரிலிருந்து தட்டுகளை எடுத்துத் தந்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

வணக்கம். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு ஏழு மாதம் முன்பே வந்திருக்க வேண்டும். கடைசி இசைத்தட்டையும் துடைத்து உறையில் போட்ட பிறகுதான் எழுதுவது என்று வைத்திருந்தேன். போன வாரம் அது முடிந்தது.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. வேளச்சேரியில் தெருக்கள் மூழ்கிக் கிடந்தபோது நான் கோவையில் மகள் வீட்டில் இருந்தேன். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள், ரயில்களும் ரத்து. பக்கத்து வீட்டு அம்மா போன் செய்து, "அண்ணா, உள்ளே முட்டிக்கு மேல தண்ணி. உங்க பிளேட்டெல்லாம் கீழ்த்தட்டுலதானே இருக்கு?" என்றார்கள். ஆமாம், கீழேதான். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய அரக்கு இசைத்தட்டுகள் 312. கனம் அதிகம் என்பதால் அலமாரியின் அடியில் அடுக்கியிருந்தேன். எடை குறைந்த வினைல் தட்டுகள் மேலே பத்திரமாக இருந்தன.

அம்மா, மின்சாரம் இல்லை, உங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர். அந்த நிலையில் உங்கள் சாமான்களை விட்டுவிட்டு என் வீட்டைத் திறந்தீர்கள். அதை நான் எப்படித் திருப்பிச் செய்வேன் என்று தெரியவில்லை. எதிர் வீட்டுத் தம்பிகள் மூன்று பேர் கைமாற்றிக் கைமாற்றி அத்தனையையும் மாடிக்கு ஏற்றினார்கள். அதில் ஒரு தம்பி, சேறு போக வேண்டுமே என்று நல்ல எண்ணத்தில் ஸ்பிரிட் பாட்டிலோடு வந்திருக்கிறான். அப்போது தச்சு வேலை செய்யும் அண்ணன் சொன்ன சொல்லை எனக்குப் போனில் சொன்னார்கள்: "தம்பி, இது அரக்கு. ஸ்பிரிட்ல கரைஞ்சிரும். நாங்க பாலிஷே அப்படித்தான் போடுறோம்."

அவர் ஒரு தட்டைக்கூட ஓட்டிப் பார்த்தவர் இல்லை. ஆனால் அரக்கின் குணம் அவர் கைக்குத் தெரியும். அந்த ஒரு வாக்கியம் என் அப்பாவின் பாதி வாழ்க்கையைக் காப்பாற்றியது. அண்ணே, உங்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

அப்புறம் கேன் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் பள்ளம் போகிற போக்கிலேயே கழுவி, சாப்பாட்டுத் தட்டு வைக்கும் ஸ்டாண்டில் நிற்க வைத்து நிழலில் உலர்த்தினீர்கள். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும் என்று நான் நூறு முறை போனில் சொன்னேன். ஒருவரும் அலுத்துக்கொள்ளவில்லை. உடைந்தவை 19தான்.

அந்த அரக்குத் தட்டுகள் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று தம்பிகள் கேட்டீர்கள். அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

நாங்கள் மதுரை. அப்பா காங்கிரஸ்காரர், கதர் தவிர வேறு கட்டமாட்டார். இசைத்தட்டை "பிளேட்டு" என்றுதான் சொல்வார். அவரிடம் கே.பி. சுந்தராம்பாள் பாடிய தேசியப் பாடல்கள் இருந்தன. நாடக மேடையில் பாடியதற்காகவே சிறைக்குப் போன விசுவநாததாஸின் கதையை, முருகன் வேடத்தில் மேடையிலேயே அவர் உயிர் போனதை, தட்டு மாற்றும் இடைவெளியில் சொல்வார். ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம் ஓடும், பிறகு கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுத்து ஊசி மாற்ற வேண்டும். கதைகளுக்கு அந்த நேரம் போதும்.

1965இல் எனக்கு 14 வயது, அண்ணன் கல்லூரி மாணவன். ஜனவரி 26இலிருந்து இந்தியே ஆட்சிமொழி என்ற நிலை வருகிறது என்று ஊரே கொதித்தது. 25ஆம் தேதி வடக்கு மாசி வீதியில், காங்கிரஸ் அலுவலகத்துக்குப் பக்கத்தில், மாணவர் ஊர்வலத்தில் மோதல். அண்ணன் அந்த ஊர்வலத்தில் இருந்தான். அந்த அலுவலகத்துக்குத்தான் அப்பா தினமும் மாலை போய்வருவார். இரவு அண்ணன் சட்டை கிழிந்து வந்தான். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் குடியரசு நாள், எங்கள் மொட்டைமாடியில் கறுப்புக்கொடி. அதையும் அவர் அவிழ்க்கவில்லை, ஆனால் அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. பிப்ரவரி 11 அன்று பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலமும் நீடிக்கும் என்று உறுதி கொடுத்தார். அதைக் கேட்க மட்டும் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். அதற்கு மறுநாள்தான் பொள்ளாச்சியில் இந்தி எதிர்ப்புப் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச்சூடு.

1967 தேர்தல் நேரத்தில் தெருமுனைக் கூம்பு ஒலிபெருக்கிகளில் இசைமுரசு நாகூர் ஹனிபாவின் குரல். அந்தக் குரலுக்கு மைக்கே வேண்டாம் என்பார்கள். அண்ணன் அவருடைய தி.மு.க. கட்சிப் பாடல் தட்டு ஒன்றை வாங்கிவந்து அப்பாவின் பெட்டியில் போட்டான். அப்பா எழுந்து திண்ணைக்குப் போனார், நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு பெட்டியில் சுந்தராம்பாளும் ஹனிபாவும் மாறி மாறிப் பாடிய வீடு எங்களுடையது. கறுப்புக்கொடி ஏற்றிய அதே அண்ணன் முகமது ரஃபியின் இந்திப் பாடல்களையும் விட்டதில்லை. "திணிப்பைத்தானே எதிர்த்தோம், பாட்டையா எதிர்த்தோம்?" என்பான். நான் எதையும் ஒதுக்காமல் சேர்க்கத் தொடங்கியது அந்தப் பேச்சில் இருந்துதான். பின்னால் சென்னையில் வேலை கிடைத்து, மூர் மார்க்கெட்டில் ஞாயிறுதோறும் கிளறிக் கிளறி வாங்கினேன். 1985இல் அது எரிந்த செய்தி கேட்டபோது, வாங்காமல் விட்டுவந்த தட்டுகள்தான் வரிசையாக நினைவுக்கு வந்தன.

சரி, வெள்ளத்துக்கு வருகிறேன். தட்டுகள் பிழைத்தன, லேபிள்கள் பிழைக்கவில்லை. பல தட்டுகளில் நடுவட்டக் காகிதம் கூழாகிவிட்டது. அப்பா கையெழுத்து இருந்த பழுப்பு உறைகளும் போயின. எது எந்தப் பாட்டு என்று பார்த்துச் சொல்ல வழியில்லை.

ஓய்வுபெற்ற வானொலிப் பொறியாளர் ஐயா, உங்களை அதற்கு முன் எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அம்மாவின் தங்கை சொல்லி வந்தீர்கள். லேபிளை ஒட்டிய வழுவழுப்பான வளையத்தில் ஆலையில் பதித்த எண் இருக்கும், அது தண்ணீரில் அழியாது என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாக வாசித்தீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் பழைய நோட்டில் தேடினேன். 78க்கு அகலமான முனையுள்ள ஊசி வேண்டும், எல்.பி. எனப்படும் வினைல் தட்டின் ஊசியைப் போட்டால் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சல்தான் வரும் என்று உங்கள் சொந்த ஊசியையே கொண்டுவந்து மாட்டினீர்கள். 22 ஞாயிற்றுக்கிழமைகள் வந்தீர்கள், ஐயா. பஸ் காசுகூட வாங்கவில்லை.

எண்ணும் நோட்டும் கைவிட்ட இடத்தில் காதுகள் உதவின. அண்ணன் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அவனோடு ஊர்வலம் போன நண்பர் மதுரையில் இருக்கிறார், எண்பதைத் தொடுகிறார். ஹனிபா தட்டு ஒன்றைப் போனில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது சரணத்தில் ஊசி 'டக்' என்று குதித்தது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "டேய், அந்தக் கீறல் நான் போட்டதுடா. ஜெயிச்ச அன்னைக்கு ஆடிக்கிட்டே கை பட்டுருச்சு. உங்கண்ணன் என்னை அடிக்க வந்தான்" என்றார். அண்ணே, அந்தத் தட்டு இப்போது உங்கள் பெயரில்தான் என் நோட்டில் இருக்கிறது.

இன்னும் 11 தட்டுகளுக்குப் பெயர் இல்லை. அதில் ஒன்று ரொம்பப் பழையது. ஒரு பெண் குரல், கூட ஆர்மோனியம். அந்தக் காலத்தில் சிலர் பாட்டு முடிந்ததும் தம் பெயரைச் சொல்லி முடிப்பார்கள். இந்த அம்மாவும் சொல்கிறார், ஆனால் லேபிளை ஒட்டிய வெடிப்பில் அந்த இடம் சரியாக விழுங்கப்படுகிறது. அப்பா இதை அடிக்கடி போடுவார், பெயர் மட்டும் என் நினைவில் இல்லை.

தட்டுகள் எல்லாம் இப்போது மாடியறையில், தச்சு அண்ணன் செய்து கொடுத்த பலகை அலமாரியில் நெட்டுக்குத்தலாக நிற்கின்றன. வரும் ஞாயிறு மாலை எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். தம்பிகளே, உங்கள் தாத்தா பாட்டிகளையும் கூட்டிவாருங்கள். அந்த அம்மாவின் தட்டைத்தான் முதலில் போடப்போகிறேன். யாருக்காவது குரல் பிடிபடுகிறதா பார்ப்போம்.

நன்றியுடன்,
மாடியறைப் பாட்டுக்காரர்